உயர்கல்வியின் வாயிலில் ஒரு பொய்



திருகோணமலைத் துறைமுகத்தின் கரையில் நின்று, உள்ளே வரும் சரக்குக் கப்பல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கப்பலின் பின்புறத்தில் ஒரு கொடி பறக்கும். அதன் அருகே, அக்கப்பல் பதிவு செய்யப்பட்ட துறையின் பெயர் எழுதப்பட்டிருக்கும். பனாமா நாட்டுக் கொடி பறக்கும் கப்பலின் உரிமையாளர் வேறொரு நாட்டவராக இருப்பார். மாலுமிகள் மற்றொரு நாட்டவராக இருப்பர். வரி குறைவு, விதிகள் எளியவை என்னும் வசதி கருதியே அந்த நாட்டில் பதிவு செய்து கொள்கிறார்கள். இதனை வசதிக் கொடி என்பர். கப்பல் தொழிலில் இவ்வழக்கத்துக்குச் சட்டம் இடம் தந்திருக்கிறது.

ஆனால், நம் பிள்ளைகளும் வசதிக்காக ஓர் ஊரின் பெயரை எழுதிக்கொண்டு பல்கலைக்கழகத்தின் வாயிலுக்குள் நுழைவார்களாயின், அதற்குச் சட்டமும் இடம் தரவில்லை. நியாயமும் இடம் தராது. உயர்கல்வியில் நிகழும் ஊழலின் வகைகள் பலவற்றுள், நம் மாவட்டத்தை நேரே தொடுகின்ற இந்த ஒன்றைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விழைகிறேன்.

ஊழல் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது கைமாறும் பணம். உயர்கல்வியில் அத்தகைய ஊழலும் இல்லாமலில்லை. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் 2013ஆம் ஆண்டில் வெளிப்பட்ட வியாபம் மோசடியில், மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வை ஒருவருக்குப் பதிலாக மற்றொருவர் எழுதியமை தெரியவந்தது. அவ்வாறு முறைகேடாக நுழைந்தோர் எனக் கண்ட 634 மாணவரின் அனுமதியை நீக்கியது சரியே என 2017இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் 2024 ஜனவரியில் உயர்தரப் பரீட்சையின் விவசாய விஞ்ஞான வினாத்தாள் முன்னரே வெளியாகி, அப்பரீட்சையைப் பெப்ரவரி 1ஆந் திகதி மீண்டும் நடத்த நேர்ந்தது. இவை செய்தித்தாளில் இடம்பெறும் ஊழல்கள். செய்தித்தாளுக்கு எட்டாத ஊழல் ஒன்றுண்டு. அதில் பெரும்பாலும் பணம் கைமாறுவதில்லை. உறவும் நட்பும் இரக்கமுமே அதனை நடத்தி வைக்கின்றன. ஆதலினால் அதனைச் செய்வோர் தாம் ஊழல் செய்வதாக எண்ணுவதுமில்லை.

அது யாதெனக் கூறுவதற்கு முன், பல்கலைக்கழக அனுமதி நம் நாட்டில் நடைபெறும் முறையைச் சுருக்கமாக நினைவூட்ட வேண்டும். சில கற்கைநெறிகளுக்கு அகில இலங்கைத் திறமை ஒன்றே அளவுகோல். ஏனையவற்றில் நூற்றுக்கு 40 இடங்கள் திறமை வரிசைப்படி வழங்கப்படுகின்றன. நூற்றுக்கு 55 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கேற்பப் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 இடங்கள் கல்வியில் பின்தங்கியனவாகக் கருதப்படும் 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக உரியவை. திருகோணமலை அப்பதினாறனுள் ஒன்று. மாணவர் எந்த மாவட்டத்தினர் என்பதை, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அவர் பயின்ற பாடசாலையைக் கொண்டே முடிவு செய்கின்றனர். பொய்யான தகவல் தந்து அனுமதி பெற்றவரின் பதிவை நீக்குவதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு உரிமை உண்டு.

இம்முறை பிறந்த வரலாற்றையும் மறத்தலாகாது. 1970ஆம் ஆண்டளவில், தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவருக்கு வேண்டுமென்றே கூடிய புள்ளிகள் வழங்கினர் என்றொரு வதந்தி எழுந்தது. விசாரணையில் அது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் மொழிவாரியான தரப்படுத்தல் வந்தது. பேராதனைப் பொறியியற் பீடத்தில் நுழைவதற்கு, 400 புள்ளிகளுள் சிங்கள மொழி மூலம் தோற்றியவர் 227 பெற்றாற் போதும்; தமிழ் மொழி மூலம் தோற்றியவர் 250 பெறவேண்டும் என்றாயிற்று. இல்லாத ஊழல் ஒன்றின் பெயரால் எத்தனையோ இளைஞரின் வாழ்வு திசைமாறியது. அந்தப் புண் ஒரு தலைமுறையின் மனத்தில் ஆறவில்லை. அதன் பின் மாவட்ட ஒதுக்கீடு வந்தது; விகிதங்கள் பலமுறை மாறின. யாழ்ப்பாணமும் கொழும்பும் இடங்களை இழந்தன. ஆய்வுகூடமும் ஆசிரியரும் அரிதாயிருந்த மாவட்டங்கள் சில இடங்களைப் பெற்றன. அவ்வாறு பெற்றவற்றுள் நம் கிழக்கு மாகாணமும் உண்டு.

இனி அந்த ஊழலுக்கு வருகிறேன். வசதியான மாவட்டம் ஒன்றில், புகழ் பெற்ற பாடசாலையில், ஒரு மாணவன் பயில்கிறான் எனக் கொள்வோம். கெட்டிக்காரன், ஆனால் அம்மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி உயர்ந்தது. திருகோணமலையில் அது தாழ்ந்தது என்பதைப் பெற்றோர் அறிவர். இங்கே அவர்களுக்கு உறவினர் ஒருவர் இருக்கிறார். அவருடைய முகவரி கிடைக்கிறது. அம்முகவரியில் வசிப்பதாகக் கிராம உத்தியோகத்தரிடமிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. பாடசாலை ஒன்றின் அதிபர் சேர்த்துக்கொள்கிறார். மாணவனின் பெயர் இங்கே வரவுப் பதிவேட்டில் இருக்கிறது. மாணவனோ தன் பழைய ஊரில், தன் பழைய தனியார் வகுப்புகளில் இருக்கிறான். பரீட்சை நெருங்கும்போது வந்து எழுதிவிட்டுச் செல்கிறான்.

இதில் யார் குற்றவாளி? உறவினர் முகவரி மட்டுமே தந்தார். கிராம உத்தியோகத்தர் அறிந்தவரின் சொல்லை நம்பி ஒப்பமிட்டார். வகுப்பாசிரியர் மேலிடத்தின் விருப்பப்படி வரவு குறித்தார். அதிபருக்கோ, கெட்டிக்கார மாணவன் ஒருவன் சேர்ந்தால் பாடசாலையின் பெறுபேறு உயரும் என்னும் ஆசை. ஒவ்வொருவர் பங்கும் சிறிது. ஆனால் சிறு துளைகள் பல சேர்ந்தால் தோணிக்குள் நீர் புகுவது திண்ணம்.

இழப்பு எவ்வளவு என்பதை அறிய ஒரு கணக்குப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடியே 3 இலட்சம். திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம். அஃதாவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஒரு கற்கைநெறியில் 1000 இடங்கள் உள்ளன எனக் கொண்டால், மாவட்டங்களுக்குரிய 550இல் நமக்கு வருவன ஏறத்தாழப் பத்து. பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய 50இல் நமக்கு வருவன ஏறத்தாழ இரண்டு. ஆகப் பன்னிரண்டு இடங்கள். கற்கைநெறியில் 100 இடங்களே உள்ளன என்றால், நம் மாவட்டத்துக்கு உரியது ஒன்றே ஒன்றுதான். பன்னிரண்டு பேர் அமரும் படகில் உரிமையற்றோர் மூவர் ஏறினால் மூவர் கரையில் நிற்க வேண்டும். ஒருவரே ஏறக்கூடிய படகில் உரிமையற்ற ஒருவர் ஏறிவிட்டால், அதற்குப் பின் சொல்ல ஒன்றுமில்லை.

கரையில் நிற்கும் பிள்ளை யார்? நேயர்களே, இக்கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இலஞ்சம் வாங்கிய அதிகாரியின் முன்னே, கொடுத்தவரேனும் நிற்கிறார். இங்கே பாதிக்கப்பட்டவர் எவர் முன்னும் வந்து நிற்பதில்லை. வெட்டுப்புள்ளிக்குச் சற்றே கீழே நின்றுவிட்ட அந்தப் பிள்ளை, தன்னைத் தள்ளியவர் யாரென அறியமாட்டாள். 'இன்னும் கொஞ்சம் படித்திருக்கலாம்' என்று தன்னையே நொந்துகொள்வாள். அவளைத் தள்ளியவனும் அவளை அறியமாட்டான்.

அவள் மூதூரில் இருக்கலாம், வெருகலில் இருக்கலாம். 2006இல் போரினால் பெயர்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகளை அகதி வாழ்வில் கழித்து, 2015க்குப் பின் ஊர் திரும்பிய சம்பூர்க் குடும்பம் ஒன்றின் மகளாக இருக்கலாம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் வீடிழந்த குச்சவெளி மீனவர் ஒருவரின் பேரப்பிள்ளையாக இருக்கலாம். கோமரங்கடவலையில் நெற்செய்கை பண்ணும் சிங்களக் குடியானவரின் பிள்ளையாகவும் இருக்கலாம். கரையில் நிற்போருக்கு இன்ன மொழி, இன்ன மதம் என்ற வரையறை இல்லை.

கிண்ணியாவை நினைத்துப் பாருங்கள். 2009 ஒக்டோபரில் பெரிய பாலம் திறக்கப்படும்வரை, நகருக்கு வருவோர் பாதையை நம்பியே இருந்தனர். பாலம் வந்த பின்னும் துன்பம் முற்றாக நீங்கவில்லை. குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடைபெற்ற காலத்தில், மக்கள் தற்காலிகமான மிதவைப் பாதையில் நீரைக் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆந் திகதி காலையில் அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறார் உட்படப் பலர் மாண்டனர். படிப்பதற்காக உயிரைப் பணயம் வைத்து நீரைக் கடக்கும் பிள்ளைகள் வாழும் மாவட்டம் இது. அத்தகைய பிள்ளைகளுக்கென்றே அந்தச் சில இடங்கள் ஒதுக்கப்பட்டன. வீதியும் விளக்கும் ஆய்வுகூடமும் வாய்த்த ஒருவன், அவர்களுடைய துன்பத்தில் பங்குகொள்ளாமல் அதற்கீடாகத் தரப்பட்ட சலுகையில் மட்டும் பங்குகொள்வது எவ்வாறு நியாயமாகும்?

2019ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஒரு மோசடி அம்பலமாயிற்று. செல்வந்தர் சிலர், தம் பிள்ளைகளைப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களிற் சேர்ப்பதற்காக, விளையாட்டு வீரருக்குரிய சலுகை இடங்களைப் பொய்யாகப் பெற்றனர். துடுப்புப் பிடித்தறியாத பிள்ளைகள் படகோட்ட வீரரெனக் காட்டப்பட்டனர். ஏறத்தாழ 50 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அதனை முன்னின்று நடத்தியவருக்கு 2023இல் மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அங்கே படகேறாதவர் படகோட்டியாயினர். இங்கே மாவட்டத்தில் வாழாதவர் மாவட்டத்தாராகின்றனர். பொய் ஒன்றுதான், அணிந்த உடை வேறு.

நான் கூறுவதற்கு எதிராகச் சில நியாயங்கள் எடுத்துரைக்கப்படுவதுண்டு. அவற்றையும் நேர்மையாக எண்ணிப் பார்ப்போம்.

'வந்தவன் கூடிய புள்ளி பெற்றவன் அல்லவா? தகுதியுடையவன் இடம் பெற்றதில் என்ன பிழை?' என்பர் சிலர். மாவட்ட ஒதுக்கீடே பிழை என்று ஒருவர் கருதலாம். அதனை வெளிப்படையாக எடுத்துக் கூறலாம், சட்டத்தை மாற்றக் கோரலாம், நீதிமன்றத்துக்கும் செல்லலாம். அது குடிமகனின் உரிமை. ஆனால் ஒதுக்கீட்டைப் பழித்துக்கொண்டே, பொய்ச் சான்று காட்டி அதன் பயனைத் தானே பெறுபவர், அதனை எதிர்ப்பவர் அல்லர், அதனைத் திருடுபவர்.

'மொத்த இடங்கள் குறையவில்லையே. அவன் விட்டுவந்த மாவட்டத்தில் வேறொரு பிள்ளைக்கு இடம் கிடைக்குமே' என்பர் வேறு சிலர். உண்மைதான். நலிந்த மாவட்டத்திலிருந்து ஓரிடம் எடுக்கப்பட்டு வலிய மாவட்டத்துக்கு வழங்கப்படுகிறது என்பதே அதன் பொருள்.

'நமக்குத் தரப்படுத்தலால் இழைக்கப்பட்ட அநீதிக்கு இது ஈடு' என்பது மூன்றாவது நியாயம். இதைக் கேட்கும்போதே என் மனம் மிகவும் வருந்துகிறது. பேனாவின் ஒரு கீற்றால் இடமிழப்பது எத்தகைய வேதனை என்பதை அறிந்த சமூகம் நம்முடையது. அவ்வேதனையை, அதே பேனாவால், நம்மிலும் நலிந்த ஒரு பிள்ளைக்கு நாமே தருவது ஈடாகாது. அநீதியைத் தீர்ப்பதாகச் சொல்லி அதனைக் கைமாற்றிக் கொடுப்பதே அது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உண்மையாகவே இடம் மாறியவர்களை நான் குறை கூறவில்லை. போரில் ஊரிழந்து இங்கு வந்து குடியேறியவர் உளர். இடமாற்றம் பெற்ற அரச ஊழியரின் பிள்ளைகள் உளர். மணவுறவாலும் தொழிலாலும் வந்தவர் உளர். இங்கே வாழ்ந்து, இங்குள்ள வகுப்பறையில் இருந்து, இங்குள்ள குறைகளோடு படித்த பிள்ளை இம்மாவட்டத்தின் பிள்ளையே. எங்கே பிறந்தான் என்பது கேள்வியன்று. எங்கே இருந்து படித்தான் என்பதே கேள்வி.

இப்பொய்யினால் மற்றொரு தீங்கும் விளைகிறது. வெளியிலிருந்து வந்த கெட்டிக்காரர்களின் பெறுபேறு நம் பாடசாலையின் கணக்கில் ஏறுகிறது. கல்வி அலுவலகத்தின் அட்டவணை மாவட்டம் முன்னேறிவிட்டதெனக் காட்டுகிறது. கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் ஆசிரியர் இல்லையென்று ஒரு கிராமத்துப் பாடசாலை முறையிட்டால், அந்த அட்டவணை அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. நோயாளியின் வெப்பமானியை ஆரோக்கியமானவனின் வாயில் வைத்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்பது போன்றது இது.

எல்லாவற்றினும் பெரிய தீங்கு, உள்ளே நுழைந்த அந்த மாணவனுக்கே நேர்கிறது. உண்மை இல்லாவிடினும் தாள் இருந்தாற் போதும் என்பதே உயர்கல்வியின் வாயிலில் அவன் கற்கும் முதற் பாடம். அதனைப் பெற்றோரே கற்பிக்கின்றனர். அப்பாடத்தை நன்கு கற்றவன், நாளை தன் ஆய்வுக் கட்டுரையைப் பணம் கொடுத்து எழுதுவித்தால் நாம் வியப்பதேன்? பிறரின் ஆய்வைத் தன் பெயரில் வெளியிட்டால், பெறாத பட்டத்தைப் பெயருக்கு முன்னே எழுதிக்கொண்டால் நாம் திகைப்பதேன்? 2024 டிசம்பரில், நம் நாடாளுமன்றத்தின் சபாநாயகர் ஒருவர், தம் கலாநிதிப் பட்டம் பற்றிய வினா எழுந்தபோது அதற்குரிய ஆவணத்தை உடனே காட்ட இயலாது பதவி துறந்தார். அச்செய்தியைப் படித்து நாம் நகைத்தோம். நகைத்த நம்முள் எத்தனை பேர், ஒரு மருமகனுக்காகவோ பெறாமகனுக்காகவோ நம் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறோம்? பொய்ச் சான்றுடன் நுழைந்தவனே ஒருநாள் விரிவுரையாளனாகவும் அதிபராகவும் அதிகாரியாகவும் அமர்கிறான். அன்று அவன் முன்னே ஒரு பெற்றோர் பொய்ச் சான்றுடன் வந்து நின்றால், மறுக்க அவனுக்கு நாவெழுமா?

இதற்குப் பரிகாரம் என்ன? சட்டங்கள் இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உண்டு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் உண்டு. ஆயினும் சட்டத்தினும் எளிய வழிகள் நம் கையிலேயே இருக்கின்றன. உயர்தர வகுப்பில் புதிதாகச் சேர்ந்தோரின் பட்டியலைப் பாடசாலை தன் அறிவித்தற் பலகையில் இடட்டும். ஊரார் பார்க்கட்டும்; ஐயமிருந்தால் கேட்கட்டும். வரவுப் பதிவேட்டை வலயக் கல்வி அலுவலகத்தார் முன்னறிவித்தலின்றி வந்து, வகுப்பறையில் இருக்கும் தலைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஊரில் இருக்கும் பிள்ளைக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை.

இவை வேலிகள். வேர் வேறு இடத்தில் இருக்கிறது. மூதூரிலும் வெருகலிலும் குச்சவெளியிலும் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க நல்லாசிரியர் நிலைத்திருக்க வேண்டும். இராமகிருஷ்ண மிஷனின் பணியாளராக இந்நகரின் இந்துக் கல்லூரியை வளர்த்த சுவாமி விபுலானந்தர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். பல்கலைக்கழகத்தின் உயரத்தைக் கண்ட அவர், சிற்றூர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களைக் கட்டிக் காப்பதையும் தம் பணியாகவே கொண்டார். உயர்கல்வியின் தூய்மை அடித்தளத்திலிருந்தே தொடங்குகிறது என்பதற்கு அவர் வாழ்வே சான்று. இன்று நிலாவெளிச் சாலையில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிற்கிறது. அதன் வாயில்வரை இம்மாவட்டத்துப் பிள்ளைகள் தம் காலால் நடந்து செல்லத்தக்க வழியை நாம் அமைத்துத் தரவேண்டும்.

நேயர்களே, முடிவாக ஒரு சொல். என்றாவது ஒருநாள் மாலையில், தூரத்து ஊரிலிருந்து ஓர் உறவினர் கையில் பழப்பையுடன் உங்கள் வீட்டுக்கு வருவார். நலம் விசாரிப்பார். தேநீர் அருந்திய பின், "பிள்ளையின் படிப்புக்காக உங்கள் முகவரி மட்டும் வேண்டும், வேறொரு செலவும் இல்லை" என்பார். அவர் தீயவர் அல்லர். தம் பிள்ளையின் மீது அன்புள்ளவர். மறுப்பது உங்களுக்குக் கடினமாக இருக்கும். உறவு முறிந்துவிடுமோ என்று அஞ்சுவீர்கள்.

அந்த வேளையில், அவருக்குப் பக்கத்தில் மற்றொரு நாற்காலியும் இருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். அதில், விடியற்காலையில் வெள்ளைச் சீருடையுடன் நீரைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் ஒரு பிள்ளை அமர்ந்திருக்கிறாள். அவளுடைய பெயர் உங்களுக்குத் தெரியாது. அவளுக்காகப் பேச அங்கே உங்களைத் தவிர வேறு எவரும் இல்லை. "பிள்ளை இங்கே வந்து எங்களோடு இருந்து படிக்கட்டும், என் வீட்டில் ஓர் அறை தருகிறேன். முகவரியை மட்டும் தரமாட்டேன்" என்று அன்போடு கூறுங்கள். உறவும் பிழைக்கும், உண்மையும் பிழைக்கும். அந்தப் பெயர் தெரியாத பிள்ளைக்கு உரிய இடமும் அவளுக்காகக் காத்திருக்கும்.